திட்டிக் கேட்டேன், கடலோரத்தில் வீடு கொடுத்தார்

என் கணவர் கடலுக்குப் போகிறவர். அப்படிப்பட்டவரைத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் கொண்டுவந்து அடைத்தால் என்ன ஆகும்? நான் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். இதில் அழகான ஜெபம் எதுவும் இல்லை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். சண்டைதான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பனையூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி, சவுக்குத்தோப்பு ஓரத்தில், ஒரு குடிசையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எங்களைப்போல் இன்னும் சில குடும்பங்களும் அந்தத் தோப்பில் இருந்தன. என் கணவர் சூசை கடலூர்ப் பக்கத்துக்காரர். பிழைப்புக்கு வந்து அந்தக் குப்பத்துப் படகு ஒன்றில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். வாசலில் நின்றால் படகு தெரியும். காற்று மாறினால் படுத்திருக்கும் பாயிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மகாபலிபுரம் போகிற கடற்கரைச் சாலையில் மனை விலை ஏற ஆரம்பித்தது. பட்டணத்துப் பணக்காரர்கள் சனி ஞாயிறு வந்து காற்று வாங்க வீடு கட்டினார்கள். தோப்புக்காரர் தோப்பை விற்றுவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து எங்கள் குடிசையைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சோறு வேகற வரைக்குமாவது நில்லுங்கப்பா" என்றேன்.

"சீக்கிரம் ஆவட்டும்மா, எங்களுக்கு வேற வேலை கீது" என்றான் ஒருவன், கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு. அந்தச் சோற்றை நாங்கள் சாப்பிடவே இல்லை.

குப்பத்துக்குள் இடம் கேட்டோம். ஊர்ப் பஞ்சாயத்தார் தன்மையாகத்தான் பேசினார்கள். "இன்னா பண்றது சூசை, ஊர்க்காரனுக்கே எடம் பத்தல. கல்யாணம் கட்ன புள்ளைங்க அப்பன் வூட்லயே நெருக்கிகினு கீதுங்க" என்றார்கள். பொய் இல்லை. நானே பார்த்திருக்கிறேன்.

சபையைச் சேர்ந்த ஒருவர் மூலமாகக் கிழக்குத் தாம்பரத்தில் மாடியில் ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்து கடலுக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். முதல் பஸ் கிளம்புவதற்குள் படகு போய்விடும். படகு யாருக்காகவும் காத்திருக்காது. சூசை பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, கருக்கலில் எழுந்து, மேடவாக்கம் வழியாக மிதித்துக்கொண்டு போனார். பாதி நாள் படகைப் பிடிக்க முடியாது. வெறுங்கையோடு திரும்பி வந்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போவார். ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பேச்சே நின்றுபோனது.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் மேலே வந்தார். நான் கொஞ்சம் கருவாடு காயப் போட்டிருந்தேன். தட்டோடு எடுத்து மாடியிலிருந்து கீழே கொட்டிவிட்டார். "ரெஸ்பெக்டபிள் ஏரியாம்மா இது. பக்கத்து வீட்லயெல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க" என்றார். அதே அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வஞ்சிரம் பொரிப்பார்கள். அந்த வாசனைக்கு மட்டும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணவில்லை.

கடலோரத்தில் வீடு தேடி நான் நடக்காத தெரு இல்லை. நீலாங்கரையிலிருந்து கானத்தூர் வரை கேட்டேன். பூட்டிக் கிடந்த வீட்டில்கூட, "ஃபேமிலிக்கு விட்றதில்லம்மா, லீவு நாள்ல பார்ட்டிங்க வருவாங்க" என்றார்கள். ஒரு புரோக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மீன்காரங்களுக்கா வூடு? இன்னாக்கா பேசற நீ. இந்த ரோட்ல இனிமே மீன் துன்றவங்கதான் குடியிருப்பாங்க. புடிக்கறவங்களுக்கு இங்க இன்னா வேலை?"

நான் அவனை விட்டுவிட்டு அடுத்த தெருவில் கேட்கப் போனேன்.

ஜெபக்கூட்டத்தில் சொல்லி அழுதேன். "பொறுமையா இருங்க சிஸ்டர், ஆண்டவர் ஒரு கதவைச் சாத்தினா இன்னொண்ணைத் திறப்பார்" என்றார்கள். சொன்னவர்கள் எல்லாருக்கும் சொந்த வீடு இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஐப்பசி மழை வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிரம்பி, மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடியது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் சூசை சைக்கிளோடு உள்ளே போய்விட்டார். கோரைக்குள் கால் சிக்கிக்கொண்டது. பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் துண்டை வீசி இழுத்துக் கரையேற்றியிருக்கிறார். சைக்கிள் போனது. புயலில் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்து வந்த மனுஷன், ரோட்டோரத் தண்ணீரில் சாகப் பார்த்தார். உடம்பெல்லாம் சேறோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். "அதோட மேல ஏறாதீங்க, ஸ்டெப்ஸ் பாழாயிடும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

மறுநாள் மழை விட்டதும் நான் மட்டும் பஸ் ஏறிப் பழைய இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் குடிசை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர். பின்பக்கம் கடல் இரைகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தச் சுவரைக் கையால் அடித்து அடித்துக் கத்தினேன்.

"மீன் பிடிக்கிறவங்களைத் தேடிப் போய்க் கூப்பிட்டவர்தானே நீர்! அவங்க படகுல படுத்துத் தூங்கினவர்தானே! அவங்க சுட்ட மீனைத் தின்னவர்தானே! இப்ப எங்களுக்குக் கரையில நிக்க இடம் இல்லன்னா எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீர்? எனக்கு ஆறுதல் வேண்டாம். வீடு வேணும். இந்தக் கடலுக்குப் பக்கத்துல வேணும். குடுத்தா குடும், இல்லன்னா இனிமே உம்ம பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடாதேயும்!"

கை எரிந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரைம்மா இந்தத் திட்டு திட்டற?"

திரும்பிப் பார்த்தேன். தேசம்மா. குப்பத்தில் கடலைப் பார்த்த கடைசி வீடு அவர்களுடையது. புருஷன் இல்லை, பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார்கள். கூடையில் மீன் விற்கப் போகும்போது பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவ்வளவு பழக்கம்தான்.

"சாமியைத்தான்க்கா" என்றேன்.

"எந்தச் சாமியை?"

"என் சாமியைத்தான். உங்க சாமியை நான் ஏன் திட்டறேன்?"

அவர்கள் சிரிக்கவில்லை. "நானும் எல்லையம்மனைத் திட்டிட்டுத்தான் வரேன். வா, வந்து குந்து" என்றார்கள்.

அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பங்களாச் சுவர் வந்துவிட்டது. நடுவில் கடலுக்கு ஒரு வழி மட்டும் மிச்சம். குப்பத்துக்காரர்கள் காலங்காலமாகப் படகு இழுக்கிற வழி. அதையும் சேர்த்து அடைக்கப் பங்களாக்காரர்கள் பார்த்தார்கள். "இந்த வூட்லர்ந்து கடலுக்குப் போற ஆம்பளை யார் கீறான்னு கேக்கறானுங்க ரோஸி. ஆள் இல்லாத வழி எதுக்குன்றானுங்க. வூட்ட வித்துட்டுப் போன்னு தெனமும் புரோக்கர் வந்து நிக்கறான். நான் போவ மாட்டேன். பாதி வூட்ட நீ எடுத்துக்க. உன் வூட்டுக்காரன் என் வாசல்லர்ந்து கடலுக்குப் போவட்டும். வாடகை உன்னால முடிஞ்சதைக் குடு. கொழம்புக்கு மீன் குடு, போதும்."

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் கத்தி முடிக்கும் முன்பே பதில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது.

இதற்கும் சபையில் ஒரு சகோதரி வந்து, "அம்மன் படம் மாட்டின வீட்ல எப்படி சிஸ்டர் குடும்பம் நடத்துவீங்க?" என்று கேட்டார். "உங்க வீட்ல எந்தப் படமும் இல்லையே, எங்களுக்கு ஒரு ரூம் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆண்டவர் யார் கையால் கொடுக்கிறார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

குடி போன கொஞ்ச நாளிலேயே செங்கல் வண்டி வந்தது. வழியின் வாயில் கயிறு கட்டி, சுவர் எழுப்பக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்கள். சூசை அப்போதுதான் கரையேறியிருந்தார். கூட்டாளிகளைக் கூப்பிட்டுப் படகை இழுத்து வந்து, தோண்டின பள்ளத்தின் மேலேயே நிறுத்தினார். மேஸ்திரி, "எடுப்பா, எடு" என்றார்.

"இது என் வூட்டு வாசல். இங்கதான் எங்க படகு நிக்கும்" என்றார் சூசை. பல மாதத்துக்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசின முதல் வார்த்தை அது. தேசம்மா வாசலில் விளக்குமாற்றோடு நின்றார்கள். நான் பக்கத்தில் நின்று வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மொத்தக் குப்பமும் வந்து படகைச் சுற்றி நின்றுவிட்டது, இடம் இல்லை என்று சொன்ன பஞ்சாயத்தாரும் சேர்த்து. செங்கல் வண்டி திரும்பிப் போனது. பிறகும் வந்தார்கள், மிரட்டினார்கள், பேரம் பேசினார்கள். வழி இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.

என் கணவர் மனுஷன் ஆனார். சாப்பிடுகிறார், சண்டை போடுகிறார், காற்றைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். அதற்காக நான் ஆண்டவருக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். ஆனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய் சாட்சி. எங்களோடு தோப்பிலிருந்து துரத்தப்பட்ட மற்றக் குடும்பங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காக இன்றைக்கும் அவரிடம் உரத்த குரலில்தான் கேட்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது வீடில்லாமல், வழி அடைபட்டு நின்றால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபம்தான் இருக்கிறதா, அந்தக் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். நான் திட்டினதற்கு அவர் என்னைத் தண்டிக்கவில்லை. வீடு கொடுத்தார், கூடவே ஒரு அக்காவையும் கொடுத்தார்.