பத்தாம் கட்டத்தின் ஓரத்தில் எழுதியது

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்த அன்று மூன்று மாடி ஆட்களும் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்க, இவர் மட்டும் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்ட பிறகுதான் எழுந்தார். அன்றிலிருந்து நிதானம் அக்கா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் அதற்கும் நிதானமாகத்தான் திரும்புவார்.

வங்கி, கடன் கம்பெனி, கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ் இவற்றின் மேல் பொதுமக்கள் சொல்லும் புகார்களை வாங்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. புகார் கொடுக்க ஒரு படிவம் உண்டு. பெயர், முகவரி, எந்த நிறுவனம், கணக்கு எண் என்று முதலில் ஒன்பது சின்னக் கட்டங்கள். பத்தாவது மட்டும் பெரியது: ‘என்ன நடந்தது? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.’ இணையத்தில் நிரப்ப முடியாதவர்கள் தாளில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கணினியில் ஏற்றி ‘அனுப்பு’ என்பதை அழுத்தினால், படிவம் முழுக்க அப்படியே அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். அழுத்துவது எங்கள் பிரிவின் வேலை.

சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னால் ஜனங்கள் விடுவார்களா? ஒருவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தார். கடன் கேட்டபோது மேலாளர் ஏன் சிரித்தார் என்று அரசாங்கம் விசாரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வங்கியில் கயிறு கட்டி வைத்திருந்த பேனாவைக் கயிற்றோடு அறுத்து வந்து, தாளோடு இணைத்து, ‘ஆதாரம்’ என்று எழுதியிருந்தார் ஒரு பெரியவர். நிதானம் அக்கா ஒவ்வொன்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்து, அடித்து ஏற்றுவார். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

பிறகு ஸ்கேனர் வந்தது. முதல் ஒன்பது கட்டங்களை அடித்தால் போதும், பத்தாவதைப் படம் பிடித்து இணைத்துவிடலாம். கூடவே புதிய பிரிவு அதிகாரியும் வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். ஒரு நாளைக்கு யார் எத்தனை படிவம் ஏற்றினார்கள் என்று சுவரில் ஒரு பலகை மாட்டினார். அதில் கடைசியாக நிதானம் அக்கா.

ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: “மேடம், படிக்கிறது நம்ம வேலை இல்ல. படிக்க வேண்டியவங்க அந்தப் பக்கம் இருக்காங்க.”

“படிக்காம எப்படி சார் அனுப்பறது?”

“கண்ணு பார்க்கட்டும், கை அடிக்கட்டும். நடுவுல மனசு எதுக்கு மேடம்?”

எண்ணிக்கை குறைந்தவர்களை வெளியூர் அலுவலகத்துக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு அப்போது உலவிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். இருந்த இடத்தில் பத்து பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால்தான் ஓடும் தொழில் அது. அக்கா வேகத்தைக் கூட்டினார். மூன்றே வாரத்தில் பலகையில் நான்காவது இடம். நாங்கள் கை தட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் மேசையில் தொலைபேசி அடித்தது. எதிர் மேசை என்னுடையது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எல்லாம் எனக்குக் கேட்டது.

“மேடம், நான் ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தேன். தையல் வேலை பண்றேன். என் வீட்டுக்காரர் என் பேர்ல லோன் எடுத்துட்டாரு. நான் கையெழுத்தே போடல.”

அக்கா எண்ணைக் கேட்டுத் தேடினார். “வந்திருச்சும்மா. இன்னைக்குக் காலையிலதான் பேங்குக்கு அனுப்பினோம்.”

“அனுப்பிட்டீங்களா? என் அட்ரஸ் போகலதானே அக்கா?” அதற்குள் மேடம் அக்காவாகியிருந்தது. “எழுதியிருந்தேனே. அந்தக் கணக்கு எங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்தது. பேங்குக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரிஞ்ச மாதிரி. நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியக்கூடாது. கவர்மெண்டாச்சேன்னு நம்பி உங்ககிட்ட மட்டும்தான் எழுதினேன்.”

“போயிருக்காதும்மா. பயப்படாதீங்க,” என்றார் நிதானம் அக்கா.

அழைப்பு முடிந்ததும் அந்தப் படத்தைத் திறந்தார். பத்தாம் கட்டம் நிரம்பி வழிந்திருந்தது. இடம் போதாமல், தாளைப் பக்கவாட்டில் திருப்பி, கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள் அந்தப் பெண்: ‘தயவுசெய்து என் இப்போதைய முகவரியை வங்கிக்குக் கொடுக்க வேண்டாம்.’ இரண்டாம் கட்டத்தில் அந்த முகவரி கதவு எண்ணோடு இருந்தது. அனுப்பிய நேரம் பதினொன்று இருபது. அனுப்பியவர் என்ற இடத்தில் அக்காவின் எண்.

அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து எழுந்து போய் நானும் படித்தேன். அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “விடுங்கக்கா. பேங்குல ஆயிரம் ஃபாரம் வருது. யாரு உட்கார்ந்து பார்க்கப் போறாங்க?”

“நான் பார்க்காம விட்ட மாதிரி அவங்களும் விட்டுடுவாங்கன்னு சொல்றியா?” என்றவர், கண்ணாடியைக் கழற்றாமலேயே எழுந்தார்.

பிரிவு அதிகாரி அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அடைத்த கதவை ஒருமுறைகூடத் தட்டாதவர், அன்றைக்குத் தட்டினார். விஷயத்தைக் கேட்டதும் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. ஒருவரின் தகவல் தவறான இடத்துக்குப் போனால் உடனே மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கையில் முதலில் நிரப்ப வேண்டியது, தவறு செய்தவரின் பெயர்.

“மேடம், எழுதினா உங்க சர்வீஸ் புக்குல ஏறிடும். முதல்ல பேங்குல பேசிப் பார்க்கலாம். அவங்க அழிச்சிட்டா எழுத வேண்டிய தேவையே இல்ல.”

“எழுதிடறேன் சார். எழுதிட்டு பேசலாம்.”

எழுதினார். பிறகு வங்கிக்குப் போன் போட்டோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு என்று இசை ஓடியது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு பையன் குரல் வந்தது. புகாரில் புது முகவரி இருந்தால் மாலை ஐந்து மணிக்குக் கணினியே அதைக் கணக்கில் ஏற்றிவிடும், ஏற்றியதும் கணக்குக்காரர்களுக்குப் புது முகவரியோடு தகவல் போகும் என்றது அந்தக் குரல்.

“ரெண்டு பேருக்குமா?”

“ஜாயின்ட் அக்கவுண்ட்னா ரெண்டு பேருக்கும்தான் மேடம். அது ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

நிறுத்த வேண்டுமானால் எங்கள் அலுவலகக் கடிதத்தை நேரில் கொண்டுவர வேண்டுமாம். அப்போது மணி இரண்டேகால். நான் கடிதத்தை அடித்தேன். அக்கா அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டார், துண்டித்தார், மறுபடி போட்டார். எடுத்தபோது பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அம்மா, மத்தியானம் பேசினேனே, நான்தான். அட்ரஸ் போயிருக்காதுன்னு சொன்னேன். பார்க்காம சொல்லிட்டேன். போயிருச்சு. என் கையாலதான் போயிருக்கு.”

மெஷின் நின்றது.

“எப்போ?”

“பதினொன்னு இருபதுக்கு.”

“நீங்க என்கிட்ட பேசினது பன்னெண்டு மணிக்கு. ரெண்டு மணி நேரமா நான் நிம்மதியா தைச்சுக்கிட்டு இருக்கேனே அக்கா.”

அக்கா சொன்னார்: “அஞ்சு மணிக்குள்ள நிறுத்தப் பார்க்கறேன். ஆனா நீங்க அதை நம்பி இருக்காதீங்க. இப்பவே வேற எங்கயாவது போக முடியுமா?”

“நீங்க கேட்டதையெல்லாம் ஒரு கட்டம் விடாம எழுதிக் கொடுத்தேன். நான் எழுதினதைப் படிக்கக்கூடவா மாட்டீங்க?”

இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை.

வங்கிக்கு நடையும் ஓட்டமுமாகப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் பதினேழு பேர். அக்கா எழுந்து ஒவ்வொருவரிடமும் போய், “கொஞ்சம் அவசரம், முதல்ல போகட்டுமா?” என்று கேட்டார். வரிசையில் யாரையும் முந்தாத மனுஷி. பாதிப் பேர் விட்டார்கள், ஒருவர் முணுமுணுத்தார், ஒருவர் திட்டினார். புகார்ப் பிரிவு அம்மாள் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார்.

“முத்திரை எங்கே?”

அவசரத்தில் முத்திரை குத்த மறந்துவிட்டேன். நான்தான். அங்கேயே என் உயிர் போயிற்று. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரிவு அதிகாரிக்குப் போன் செய்தார். அவர் ஒரு ஆளை அனுப்புவார் என்று நினைத்தோம். நாலு நாற்பதுக்கு அவரே வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மை திண்டையும் முத்திரையையும் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு. கவுண்டரிலேயே வைத்துக் குத்தினார். கைக்குட்டை முழுக்க ஊதா மை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு முகவரி அழிக்கப்பட்டது. அந்த அம்மாள் திரையைத் திருப்பி வெற்று இடத்தைக் காட்டினார். மூச்சு விட்டோம். ஆனால் அவர் சேர்த்துச் சொன்னார்: எங்கள் அலுவலகம் வழியாகப் புகார் வந்திருக்கிறது, முகவரி மாற்றம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு செய்தி மதியம் ஒரு மணிக்கே, கணக்கில் பதிந்திருந்த அவனுடைய எண்ணுக்கும் அவளுடைய பழைய எண்ணுக்கும் போய்விட்டதாம். முகவரி இல்லாமல், வெறும் செய்தி.

அவள் எங்கோ புதிதாகக் குடியேறியிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய்க் கைகூடக் கழுவாமல் கணவரிடம், “ஒரு வீட்டுப் பூட்டை மாத்தித் தரணும். நல்ல பூட்டா போடணும். இப்பவே போகலாமா?” என்று கேட்டிருக்கிறார். பூட்டுக்காரர் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் போனா அந்த அட்ரஸ் தெரிஞ்சவங்க கணக்குல இன்னொரு ஆள் கூடிடுமேம்மா. நீ ஏற்கெனவே ஒரு ஆளைக் கூட்டிட்ட,” என்றாராம். சுருக்கென்று இருந்தாலும் அதுதான் சரி என்று பட்டது என்று அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் எங்கள் விசாரணை ஜன்னலுக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான குரல். ஜன்னலில் அன்று அக்காவின் முறை, பக்கத்து நாற்காலியில் நான்.

“என் மனைவி ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்திருக்காங்க மேடம். அட்ரஸ்ல ஒரு நம்பர் தப்பா எழுதிட்டாங்களாம். சரிபார்த்துட்டு வரச் சொன்னாங்க.”

பெயரைச் சொன்னார். அதே பெயர். அக்காவின் கை மேசைக்கு அடியில் என் சட்டை நுனியைப் பிடித்தது.

“யாரோட ஃபாரத்தைப் பத்தியும் வெளியில சொல்றதில்ல சார்.”

“வந்திருக்கா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும்.”

“அதையும் சொல்றதில்ல.”

அவர் சிரித்தார். “நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?”

அக்கா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவர் படிக்கும்படி திருப்பிப் பிடித்தார். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, போகாமல், எதிர் பெஞ்சில் சாத்தும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். அதன்பின் இரண்டு வாரம் அக்கா தினம் ஒரு தெருவழியாக வீட்டுக்குப் போனார். பூட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, கருவிப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். எங்களில் யாராவது ஒருவர் நிறுத்தம் வரை கூடப் போவோம். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார்.

அந்த ஆள் மறுபடி வரவில்லை. விசாரணை நடந்து அக்காவுக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. இடமாற்றம் வரவில்லை. ஆனால் பலகையில் பெயர் திரும்பவும் கடைசிக்கு இறங்கியது, அவரே இறக்கிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து, கையெழுத்து பொருந்தவில்லை, கடனில் அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று வங்கி எழுதியது. அதே நாளில் வேறு ஒரு எண்ணிலிருந்து அவளே அழைத்தாள்.

“ரெண்டு வீடு மாறிட்டேன் அக்கா. லெட்டர் எங்கயும் அனுப்பாதீங்க. என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

அக்கா சொன்னார். அவள், “சரி,” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அக்காவும் அதைக் கேட்கவில்லை.

எங்கள் படிவத்தில் உள்ள கேள்விகள் தேவைதானா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரசு அறிவிப்புப் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்கும். வழக்கமாக ஒரு ஈ காக்கைகூட எழுதாது. அந்த முறை அக்கா சொந்தக் காசில் தபால்தலை வாங்கி, வீட்டு முகவரியிலிருந்து எழுதிப் போட்டார். அவர் ஒருவர் எழுதியதால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் இரண்டாம் கட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி சேர்ந்தது: ‘உங்கள் முகவரியை நிறுவனத்திடமிருந்து மறைக்க வேண்டுமா?’

புதுப் படிவம் வந்த முதல் வாரம், வெள்ளிக்கிழமை மாலை, ‘ஆம்’ என்று குறியிட்டவற்றை அக்கா தனியாக எடுத்து அடுக்கினார். பதினொன்று இருந்தது. திரும்ப எடுத்து எண்ணினார்.

“ஒரு வாரத்துல பதினொன்னு,” என்றார் என்னைப் பார்த்து. “இத்தனை வருஷமா இவங்கள்லாம் இதை எங்க எழுதிக்கிட்டு இருந்தாங்க?”

அவர் முதல் படிவத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.