அன்ன வண்டிக்குப் போட்ட சீமெந்து

தன் வீட்டு முற்றத்தில் விழும் மழைக்கு விலை உண்டு என்பது இமெல்டாவுக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் தெரியவந்தது. அவள் மன்னார் பேசாலைக்காரி. அங்கே மழை பெய்தால் சந்தோஷம், பெய்யாவிட்டால் மாதாவுக்கு நேர்த்தி. இரண்டுக்கும் யாரும் பில் அனுப்பியதில்லை.

இப்போது அவள் இருப்பது சுவிஸில், பீல் நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் ஏறினால் வருகிற கிராமத்தில். கிராம சபை, அதாவது கெமைண்ட, வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பில் அனுப்பும். வழக்கமாக ஒரு தாள். இந்த முறை நான்கு தாள் வந்திருந்தது, கூடவே வானத்திலிருந்து எடுத்த ஒரு படம். அயல் வீடுகளைச் சுற்றி எல்லாம் பச்சை. இமெல்டாவின் வீட்டைச் சுற்றி மட்டும் மதில் முட்ட ஒரே சாம்பல். யாரோ கிராமத்தின் மேல் பழைய பாயொன்றை விரித்துவிட்டு எடுக்க மறந்ததுபோல் இருந்தது.

கடிதம் மிக மரியாதையாக விளக்கியது. சீமெந்தில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, கானுக்குள் ஓடும், கழிவுநீரோடு கலக்கும், அதைச் சுத்தம் செய்யச் செலவாகும். ஆகவே மூடிய நிலத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் சுற்றாடல் கட்டணம் உண்டு. இந்த முற்றத்தை நீங்கள் அறிவிக்கவில்லை. ஆகவே ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டவும், நட்புடன் வாழ்த்துகள்.

"நட்பாம்," என்றாள் இமெல்டா.

அவளுடைய கணவர் இன்னாசித்தம்பி மூன்று தலையணையில் சாய்ந்து இருந்தார். பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் பதினேழு வருடம் கிடாரம் தூக்கியவர். ஒருநாள் கிடாரம் மேலே போனது, முதுகு கீழேயே நின்றுவிட்டது. வேலை இயலாதவர்களுக்கான காப்புறுதிக்காரர் அவருடைய முதுகைப் பற்றி மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். இமெல்டா மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் குறட்டால் முள்ளுப் பொருத்துபவள். ஓடர் குறைந்ததில் அவளுடைய வேலையும் பாதியாகிவிட்டது. அந்தப் பாதியில்தான் வீடு ஓடியது.

காசு இல்லாதது அவர்களுக்குப் புதிதல்ல. பயம் வேறு. இருவரும் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நேர்முகம் முடித்து, கடைசிக் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். நேர்முகத்தில் இன்னாசித்தம்பி ஏழு மந்திரிமாரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்தப் பில் கட்டாமல் போனால் பெட்றைபுங் வரும். அதாவது, கடனை அறவிடும் கந்தோரில் பெயர் ஏறும். அங்கே பெயர் ஏறினால் கடவுச்சீட்டுக் கனவை மடித்து அலுமாரியில் வைக்கலாம்.

அந்தச் சீமெந்துக்கு ஒரு வரலாறு இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மகள் மெலானி பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டை ஹோலில் வைக்காமல் சொந்த முற்றத்தில் கூடாரம் அடித்துச் செய்யவேண்டும் என்று இன்னாசித்தம்பி பிடிவாதமாக நின்றார். சொந்த வீடு வாங்கிய புதிது, ஊருக்குக் காட்டவேண்டாமா? சூரிச்சிலிருந்து அன்ன வண்டி ஒன்று வாடகைக்கு வந்தது. இறக்கைகளுக்கு நடுவே பிள்ளை நிற்கும், மாமன்மார் தள்ளுவார்கள், அன்னத்தின் வாயிலிருந்து புகை வரும். ஒத்திகை பார்த்த அன்று மழை. அன்னம் ஈரப் புல்லில் வயிறுவரை புதைந்தது. நாலு மாமன்மாரும் ஒரு சித்தப்பாவும் தள்ளியும் அசையவில்லை. அன்று பின்னேரமே தீர்மானம் எடுக்கப்பட்டது. விழாவை மூன்று கிழமை தள்ளிவைத்து, கட்டட வேலை செய்யும் இமெல்டாவின் தம்பி டெஸ்மன்ட் ஃப்ரிபூர்க்கிலிருந்து கலவை மெசினோடு வந்தான். புல் போனது, அன்னம் ஓடியது. பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதித்து, இதெல்லாம் தேவையா என்று கேட்டு, கோழிக்கறி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது இருபத்தைந்து வயதான மெலானி லவ்சானிலிருந்து தொலைபேசியில் சிரித்தாள்.

"அப்பா, நான் பெரியாளானதுக்கு இன்னும் பில் வருகுதோ?"

"நக்கலடிக்காதை. கானுக்குள்ளை நாங்களோ மழையை ஊத்தினனாங்கள்?"

இமெல்டா இதற்குள் நான்காம் தாளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் எறும்புக் கால் அளவு முள்ளோடு வாழ்ந்தவளுக்குச் சின்ன எழுத்து பெரிய காரியமில்லை. வருமானம் குறைந்த குடும்பங்கள் சுற்றாடல் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று அங்கே இருந்தது.

"கேக்கப் போறன்," என்றாள்.

"என்னெண்டு? நாங்கள் பிச்சைக்காரர் எண்டோ?" இன்னாசித்தம்பி ஒரு தலையணையை எறிய எடுத்து, முதுகை நினைத்துத் திரும்ப வைத்தார். "கெமைண்டவிலை கதைச்சால் அடுத்த ஞாயிறு கோயிலிலை தெரியும்."

"கெமைண்டவிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"தெரியும். எப்பிடியெண்டு தெரியாது, ஆனால் தெரியும்."

மறுநாள் காலை அவள் புறப்பட்டதைப் பார்த்த பஸ் சாரதி ஏதோ கலியாணம் என்று நினைத்து வாழ்த்தினார். மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம், பனிச் சப்பாத்து, மேலே குளிர்க்கோட்டு, கழுத்தில் சிலுவை வைத்த தாலிக்கொடி, இரண்டு கையிலும் ஆறாறு காப்பு. கந்தோருக்குக் கந்தலோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். ஏழை என்று சொல்லப் போகும்போதும் அது பொருந்துமா என்று அவள் யோசிக்கவில்லை.

கெமைண்டக் கந்தோரில் இருந்தவர் ஏபி என்ற இளைஞர், காதில் ஒரு வளையம். விண்ணப்பத்தைப் படித்தார். காப்புகளைப் பார்த்தார். திரும்பவும் விண்ணப்பத்தைப் படித்தார்.

"இது சோசியல் காசோ, அரசாங்க உதவியோ?" என்று இமெல்டா தனக்குத் தெரிந்த டொச் மொழியில் கேட்டாள். "சோசியல் எண்டால் எனக்கு வேண்டாம். பாஸ்போட் கிடைக்காது."

"இல்லை, இது கட்டணத் தள்ளுபடி மட்டும். குடியுரிமைக்குப் பாதிப்பில்லை. கட்டாமல் விட்டால்தான் பாதிப்பு." அவர் பேனாவால் காப்பைக் காட்டினார். "மன்னிக்கவேண்டும். இவை தங்கமா?"

"இமிடேஷன்," என்றாள் இமெல்டா, கண்ணும் இமைக்காமல். அது பொய். இருபத்திரண்டு கரட், மெலானியின் சீதனம். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஏபி அப்படிக் கேட்டிருக்கவே கூடாது என்றும் மாதாவிடம் முறையிட்டாள்.

ஏபி வீட்டைப் பார்க்க வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும், விலக்குக் கேட்பதையே எதிர்த்த இன்னாசித்தம்பி துள்ளி எழுந்தார். முதுகு இருந்ததையே மறந்துவிட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஒஃபிசர் வாறார். வெறும் கோப்பியோ குடுக்கிறது?"

"கட்ட ஏலாது எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம். நீங்கள் விருந்து வைக்கப் போறியள்."

"ஏலாட்டிலும் மரியாதை இருக்கெல்லோ!"

வியாழக்கிழமை மேசையில் ரோல்ஸ், கட்லட், கடலை வடை, சீனிச்சம்பல் பணிஸ், ஒரு பழக் கேக். வறுமையை ஆராய வந்த ஏபி கதவடியில் நின்று, யாருக்காவது பிறந்தநாளா என்று கேட்டார். இன்னாசித்தம்பி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, சுவரில் இருந்த இரண்டு மீற்றர் படத்துக்கு நேரே இருத்தினார். படத்தில் பதின்மூன்று வயது மெலானி அன்னத்தின் மேல் தங்கத்தால் மூடப்பட்டு நின்றாள். முகம் மட்டும் சிறையில் எடுத்த படம்போல் இருந்தது. அன்னத்தின் கீழே புத்தம் புதிய சீமெந்து பளபளத்தது. மூலையில் பொன்னெழுத்தில் திகதி.

ஏபி திகதியைப் பார்த்தார். "அப்படியானால் பன்னிரண்டு வருடமாக..."

இமெல்டா மேசை விளிம்பைப் பிடித்தாள். கெமைண்ட ஐந்து வருடத்துக்குத்தான் கேட்டிருந்தது. இந்த மனிதன் மிச்ச ஏழையும் விருந்து வைத்துக் கையில் கொடுக்கிறார்.

"பன்னிரண்டு!" என்றார் இன்னாசித்தம்பி பெருமையாக. "ஒரு வெடிப்பு இல்லை. பதினைஞ்சு சென்ரிமீற்றர் கனம், உள்ளுக்குக் கம்பி வலை. லொறி ஏறினாலும் அசையாது. வீடியோ இருக்கு, போடட்டோ?"

"போடாதேங்கோ," என்றாள் இமெல்டா தமிழில்.

வீடியோ ஓடியது. புதைந்த அன்னம், தள்ளும் மாமன்மார், சுழலும் கலவை மெசின், எல்லாம் இசையோடு. ஏபி இரண்டாவது ரோல்ஸைக் கையில் பிடித்தபடி சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். பிறகு முடியவில்லை. சிரித்தே விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு அப்பால் சட்டம் போகாது, பயப்படவேண்டாம் என்றார். இமெல்டா மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையை விட்டாள். வடையைத் தட்டில் போட்டுக்கொடுத்தவள் அப்படியே காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது இமிடேஷன் இல்லை. மகளின்ரை. நான் பொய் சொன்னனான்."

ஏபி காப்பைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் புரட்டினார். "இதில் வங்கிக் கணக்குக்கு இடமிருக்கிறது. காருக்கு இடமிருக்கிறது. காப்புக்கு இடமில்லை. போட்டுக்கொள்ளுங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கள் வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் ஒருமுறைதான். சீமெந்து இருந்தால் அடுத்த வருடமும் பில் வரும், அதற்கும் விலக்குத் தரச் சபை சம்மதிக்காது. மார்ச் முடிவதற்குள் இதை உடைத்து மண்ணைத் திறப்பதாக எழுதித் தந்தால், ஐந்து வருடத்தையும் அழித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்."

அவர் போன பிறகு இன்னாசித்தம்பி படத்துக்குக் கீழே இருந்து, மீந்த கேக்கை ஒரு சோகத்தோடு சாப்பிட்டார்.

"உடைச்சால் சனம் என்ன சொல்லும்? கட்ட வக்கில்லாமல் முற்றத்தைக் கிண்டினவங்கள் எண்டு."

"உடைக்காட்டில் பாஸ்போட் இல்லாதவங்கள் எண்டு சொல்லும். எது நல்லம்?"

"அது மெலானியின்ரை ஞாபகமெல்லோ."

இமெல்டா தொலைபேசியை எடுத்து, மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தாள்.

"அப்பா," என்றது மடி, "அந்த அன்னத்தை என்ரை வகுப்பு முழுக்கப் பாத்தது. ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை என்னை அன்னமெண்டுதான் கூப்பிட்டவங்கள். எப்ப உடைக்கிறியள்? நானும் வாறன்."

இன்னாசித்தம்பி கேக் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, பேனா எங்கே என்று கேட்டார்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை டெஸ்மன்ட் உடைக்கும் மெசினோடு வந்தான். மெலானி கையுறையும் முழங்கால்வரை வரும் சப்பாத்தும் போட்டு, சண்டைக்குப் போகிறவள்போல் இறங்கினாள். இன்னாசித்தம்பி மெசினைத் தொடக்கூடாது என்பது இமெல்டாவின் உத்தரவு. முதுகுக்காகப் பாதி. மீதி, காப்புறுதிக்காரர் யாராவது அந்த வழியால் போனால் மூன்று வருட யோசனை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதற்காக. அவர் நடுமுற்றத்தில் கதிரை போட்டு, கால்மேல் கால் போட்டு, வேலையை நடத்தினார்.

"மெதுவாப் பிடி டெஸ்மன்ட். கம்பியிலை பட்டால் மெசின் உதறும். நாளைக்குப் பின்னேரமாகும் முடிய."

டெஸ்மன்ட் ஏனோ அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை. மெசினை ஊன்றி அழுத்தினான். சீமெந்து அப்பளம்போல் நொறுங்கியது. இமெல்டா குனிந்து ஒரு துண்டை எடுத்து, மணிக்கூட்டு முள்ளைப் பார்க்கும் கண்ணால் பார்த்தாள். அவளுடைய இரண்டு விரல் கனம். கம்பியின் நிழல்கூட இல்லை.

"பதினைஞ்சு சென்ரிமீற்றரோ?" என்றாள்.

டெஸ்மன்ட் வானத்தைப் பார்த்தான். "அக்கா, அத்தான்தான் சொன்னவர், மெல்லிசாப் போடெண்டு. கம்பிக் காசிலை அன்னத்துக்குப் புகை மெசின் எடுத்தவர்."

மெலானி நிலத்தில் குந்தி இருந்து சிரித்தாள். இமெல்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கொஞ்சம் நிதானித்தபோது, அந்த மனிதன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த வேலை இதுதான் என்று பட்டது. ஒழுங்காகப் போட்டிருந்தால் இரண்டு நாளும் ஒரு லொறியும் வேண்டும். அன்று பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் முற்றத்தில் மண் தெரிந்தது. இன்னாசித்தம்பியின் கதிரை நின்ற இடம் மட்டும் ஒரு தீவுபோல் மிஞ்சியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏபி அளவு நாடாவோடு வந்தார். சபை சம்மதித்துவிட்டது, மண் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பதுதான் மிச்சம் என்றார். மதிலிலிருந்து மதிலுக்கு நடந்தார், குனிந்தார், எழுதினார். ஐந்து வருடக் கட்டணமும் நீக்கம் என்ற தாளை இமெல்டாவிடம் கொடுத்தார். அவள் முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள், சின்ன எழுத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"அந்த இரண்டு சதுர மீற்றர்?" என்று ஏபி கதிரைத் தீவைக் காட்டினார்.

"அது எனக்கு இருக்க," என்றார் இன்னாசித்தம்பி. "விடலாம்தானே?"

"விடலாம். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு."

இன்னாசித்தம்பி மனைவியின் பக்கம் சரிந்தார். "இமெல்டா, அதுக்கும் ஏலாதவைக்கு ஏதும் விலக்கு இருக்கோ எண்டு கேள்."

இமெல்டா தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எழும்புங்கோ," என்று சொல்லிவிட்டு, சுவரோடு சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்தாள்.