பேஸ் பெட்டிக்கு நான் போட்ட கணக்கு

என் கணவருக்குச் சத்தம் என்றால் உயிர். பாட்டு என்று சொல்லவில்லை, சத்தம் என்றுதான் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் திருநெல்வேலி டவுணில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டு பேர் சம்பாதித்தும் கை இறுக்கமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அவருடைய அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த ஹோம் தியேட்டர். டிவிக்கு இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர்கள், தரையில் தனியாக ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குச் சப்ஊஃபர் என்று பேராம். அன்று முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றியே பேசினார்.

"படத்துல இடி இடிக்கில காதுல கேக்கலளா, வயித்துல கேக்கு. அப்படி ஒரு பேஸ்."

ஜங்ஷனில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தார். வெளிநாட்டுப் பெட்டி அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அப்புறம் நாமே செய்தால் என்ன என்று ஆரம்பித்தார். ஊஃபர் என்கிற எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்றும், ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றும் வாங்கி வந்தார். தெரிந்த தச்சரிடம் கையாலேயே அளவு காட்டி ஒரு பெட்டி அடித்து வாங்கினார். அதைப் போட்டுப் பார்த்தால் காலி டின்னைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பெட்டியை மூலைக்குத் தள்ளினார், கட்டிலுக்கு அடியில் வைத்தார், உள்ளே பஞ்சு அடைத்தார். இரண்டு வாரம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்தான் பார்க்கப் பொறுக்காமல் சொன்னேன். "பெட்டிக்குள்ள எவ்வளவு காத்து இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்குங்க. இஷ்டத்துக்கு அடிச்சா வராது."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாத்தாத் தெரிஞ்சிரும்."

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருகிறதே, அதே விஷயம்தான். பெட்டி பாட்டில் மாதிரி. அதில் பொருத்துகிற குழாய் பாட்டிலின் கழுத்து மாதிரி. பெட்டியின் கொள்ளளவுக்கும் ஊஃபருக்கும் ஏற்றபடி அந்தக் குழாயின் நீளம் அமைய வேண்டும். கல்லூரியில் வேலை பார்த்த தோழி மூலம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்தேன். தலைமையாசிரியையிடம் கேட்டு, பள்ளி ஆய்வகத்தில் இருந்த, வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் கருவியை ஒரு வாரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊஃபர் எந்த அதிர்வெண்ணில் தானாக அதிகம் அதிர்கிறது என்று அளந்தேன். நாற்பது லிட்டர் பெட்டி, மூன்று இன்ச் பிவிசி குழாய், நீளம் பதினேழு சென்டிமீட்டர் என்று கணக்கு வந்தது.

அந்தப் பத்துப் பதினைந்து நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளியிலிருந்து நான் வருவதற்குள் அவரே தேநீர் போட்டு வைத்திருப்பார். நான் எழுதுவேன், அவர் ஸ்கேலைப் பிடித்துக்கொள்வார். ஒரு எண்ணை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்பார், சொன்னால் கவனமாகக் கேட்பார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அப்போதுதான். தச்சர் கூட, "டீச்சரம்மா சொன்ன அளவுல ஒரு நூல் மாறாதுவே, பயப்படாதீரும்" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தார்.

பெட்டி பேசியது. அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுத்தன. அவர் குழந்தை மாதிரி ஓடிப்போய்த் தம்ளர்களைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த வாரம் அதிகாரியை வீட்டுக்கு அழைத்தார். அதிகாரி சோபாவில் சாய்ந்து கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல உள்ளதவிட நல்லாருக்கே. யாரு டிசைன்?" என்றார்.

"நாந்தான் சார். ஒரு மாசம் ஒக்காந்து கணக்குப் போட்டேன்."

நான் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரிதான் என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு இந்தச் சத்தம் தொந்தரவா இல்லையாம்மா?"

"பழகிட்டு சார்" என்றேன்.

அதிகாரி முன்னால் பெருமைக்குச் சொல்லியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு எலக்ட்ரானிக்ஸ் மாத இதழை மேசையில் விரித்துப் போட்டார். 'குறைந்த செலவில் சப்ஊஃபர்' என்று மூன்று பக்கக் கட்டுரை. மேலே அவருடைய பேர். நடுவில் பெட்டியின் படம், நான் வரைந்தது. அதை அப்படியே அச்சடித்திருந்தார்கள். அகலம், உயரம், ஆழம் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது என் கையெழுத்து. நான் 'ழ'வுக்குக் கீழே வால் கொஞ்சம் நீட்டுவேன். அந்த வால் கூட அப்படியே இருந்தது.

"என் பேரே இல்லையே" என்றேன்.

"என் பேர் போட்டா என்ன, ஒம் பேர் போட்டா என்ன? ஒரே வீடுதானளா."

"அப்பம் எம் பேரையே போட்டிருக்கலாம்லா."

அவர் நிஜமாகவே குழம்பினார். "பொம்பளப் பேரு போட்டா எவன் நம்பிப் பெட்டி செய்வான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் உலகம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அன்றைக்கு நான் கட்டுரையை முழுக்கப் படிக்கவில்லை. பிறகு ஒரு நாள் படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. குழாயின் நீளம் படத்தில் இல்லை, என் கணக்குத் தாளில்தான் இருந்தது. அதைப் பார்த்து நல்ல பிரதி எடுத்தபோது பதினேழை ஏழு என்று எழுதிவிட்டார். ஏழு சென்டிமீட்டர் குழாய் வைத்தால் பெட்டி ஒரே சுரத்தில் டொம் டொம் என்று இடிக்கும், அந்தச் சுரத்துக்குக் கீழே போனால் ஊஃபர் கட்டுக்குள் நிற்காமல் ஆடும். அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவர் பேரில்தானே வந்திருக்கிறது, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன்.

வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பத்திரிகைக்காரர்கள் மொத்தமாக அனுப்புவார்கள். அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளுவார். "இதுக்கு ஒரு பதில் எழுதிரு. கீழ நான் கையெழுத்துப் போடுதேன்." முதல் கடிதத்துக்கு மட்டும் எழுதினேன். அதில் கேட்டது பலகையின் கனம் பற்றி. அடுத்ததிலிருந்து பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடிதங்கள் டிவி மேல் சேர்ந்துகொண்டே போயின.

பதில் வராததால் ஒருவர் பத்திரிகையில் முகவரி கேட்டு வாங்கி நேரிலேயே வந்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். குலசேகரன்பட்டினம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து ஒரு பெட்டியைச் சுமந்து மாடி ஏறி வந்தார். எங்கள் பெட்டியின் அதே அளவு. சவூதியில் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவர், முதுகுவலி வந்து இனிமேல் முடியாது என்று திரும்பி வந்துவிட்டாராம்.

"வீட்டுல சும்மா இருக்கேன் சார். கையால ஒண்ணு செய்வோமேன்னு புஸ்தகத்தப் பாத்துச் செஞ்சேன். நல்லா வரல. மச்சான்மாரெல்லாம் சிரிக்குதாங்க. உரல்ல மாவு இடிக்கியான்னு கேக்குதாங்க."

என் கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை அவ்வளவு சுத்தம். மூலைகளில் விரல் நுழையாது. எங்கள் தச்சர் கூட அப்படி இழைக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் போட்டார். டொம் டொம் என்று இடித்தது.

"ஊஃபர் மட்டமான சரக்கு. அதான்" என்றார் என் கணவர்.

"புஸ்தகத்துல போட்ட அதே ஊஃபர்தான் சார். குழாயும் சொன்னபடி ஏழு சென்டிமீட்டர்தான் அறுத்தேன். அதுல எதுவும் தப்பு இருக்குமோ?"

"குழாயில ஒண்ணும் இல்ல" என்றார் இவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மோர் கொண்டுவந்த நான் கதவருகில் நின்றிருந்தேன். அந்தப் பார்வையில் அவருக்கு விடை தெரியவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. 'நீ வந்து பாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வந்தவர் மோரைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வேற ஊஃபர் வாங்கி மாட்டிப் பாருங்க" என்றார் என் கணவர்.

"சரி சார். இன்ஷா அல்லாஹ் பாக்குதேன்."

பெட்டியை மறுபடியும் தோளில் ஏற்றினார். படியில் ஒரு தடவை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இறங்கி, டவுண் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வெயிலில் பைய நடந்து போனார். அதற்குள் நான் நாலு எட்டு இறங்கி, "அண்ணே, பதினேழு" என்று சொல்லியிருக்கலாம். உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

இரண்டு வாரம் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. டிவி மேல் இருந்த கடிதக் கட்டில் பெட்டியோடு வந்தவருடைய முகவரியைத் தேடி எடுத்தேன். கணக்கை எழுதி, ஏழு தப்பு, பதினேழு சென்டிமீட்டர் வையுங்கள், பழைய ஊஃபரே போதும் என்று விளக்கி, என் பேரைக் கீழே தெளிவாக எழுதி, பள்ளி முகவரியைக் கொடுத்து அனுப்பினேன். பேருக்குப் பக்கத்தில் இயற்பியல் ஆசிரியை என்றும் எழுதினேன்.

பத்து நாளில் பதில் பள்ளிக்கு வந்தது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன்.

'அன்புள்ள அக்காவுக்கு, குழாயை மாற்றினேன். அல்லாஹ் உதவியால் ரொம்ப அருமையாக இருக்கிறது. மச்சான்மார் வாயடைத்துப் போனார்கள். சார் வேலைப்பளுவுக்கு நடுவிலும் எனக்காக மறுபடி கணக்குப் பார்த்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பியதை என்றும் மறக்க மாட்டேன். முதலில் வாங்கிய ஊஃபரை அவசரப்பட்டு அரை விலைக்குத் தள்ளிவிட்டதுதான் வருத்தம். சாருக்கு என் சலாம்.'

சாயந்திரம் கடிதத்தை என் கணவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பதினேழு என்ற எண்ணைப் பார்த்தாரா, நான் யாரிடமும் கேட்காமல் எழுதியதைக் கவனித்தாரா, தெரியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசன்" என்றார். "ஆபீஸ்ல காட்டணும்."

மறுநாள் காட்டியும் இருக்கிறார். அவருடன் வேலை பார்க்கிறவரின் மனைவியை நெல்லையப்பர் கோயிலில் பார்த்தபோது, "ஒங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு மூளை" என்று சொன்னார். நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகு என் கணவர் இன்னும் இரண்டு கட்டுரை எழுத ஆசைப்பட்டார், என்னிடம் கேட்டார், நான் முடியாது என்றேன். காரணம் கேட்டார். நேரமில்லை என்றேன். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறவரிடம்தானே காரணம் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பிடிவாதக்காரி என்று தன் அம்மாவிடம் சொன்னார். வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. நானும் என் வேலையைப் பார்த்தேன், அவரும் அவர் வேலையைப் பார்த்தார்.

அவர்மேல் எனக்கு இருந்த கசப்பு வருடங்களில் ஓரளவு பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. என் பேரை மறைத்தவரைத் தண்டிக்க நினைத்து, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதரை முதுகுவலியோடு பெட்டி சுமக்க விட்டேன். அதை அந்த மனிதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதினேன். இரண்டையும் அனுப்பவில்லை.