இருபத்தேழு பெயர்களோடு நெடுந்தீவுக்கு

போன வருடம் நெடுந்தீவுக்குப் பன்னிரண்டு பேராகப் போனோம். இந்த வருடம் மாசி மாதத்தில் நான் தனியாகப் போனேன். தேவாலயக் குழுக்களோடு சில நாள் சேவைக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். நடந்ததையும் சொல்லாமல் விட முடியவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயது. வவுனியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை. சேவைப் பயணங்கள் எனக்குப் புதிதல்ல. மலையகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், நேபாளத்துக்கு ஒரு முறை. நேபாளத்தில் ஒன்பது நாள் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசினோம். புறப்படும்போது பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், நாங்கள் எல்லோரும் அழுதோம். அந்தச் சுவர் இப்போது எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

போன வருட நெடுந்தீவுப் பயணத்தில் எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து நான்கு பேர், வெளிநாட்டுத் தமிழ்ப் பங்கு ஒன்றிலிருந்து எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் கண் பரிசோதகர். அவருக்குத் தமிழ் சரளமாக வராது. அவர் சொல்வதைத் தீவு மக்களுக்குச் சொல்வதும், அளவுகளைக் கொப்பியில் எழுதுவதும் என் வேலை. மூன்று நாளில் இருபத்தேழு பெயர்கள். கடைசி நாள் குழுத் தலைவர் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். இரண்டு மாதத்தில் கண்ணாடிகள் பொதியாக வரும் என்றார். அதையும் நான்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

பொதி வரவில்லை. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை. இனி அது என் கையில் இல்லை என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கொப்பி கிடைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயது, அளவு, தொலைபேசி இலக்கம், எல்லாம் என் கையெழுத்தில். நாள் முழுக்க வில்லை வெட்டுகிறவள் நான். அந்தக் கண்ணாடிகளை நானே செய்யலாம் என்பது எட்டு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை.

கடை முதலாளி விற்காமல் கிடந்த பழைய சட்டங்களைத் தந்தார். வேலை முடிந்த பிறகு இருந்து ஆறு கிழமையில் இருபத்தாறு கண்ணாடிகள் செய்தேன். இருபத்தேழாவது பெயருக்கு அளவு இல்லை. 'அந்தோனிப்பிள்ளை, 56. கண் அழுத்தம் கூடுதல். ஆஸ்பத்திரி. அறிவிக்கப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இலக்கத்துக்கு அழைத்தேன். பாவனையில் இல்லை என்றது.

கூட வர யாராவது உண்டா என்று இரண்டு ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. அதே நாட்களில் வெளிநாட்டுப் பயணம் ஒன்றுக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். குறை சொல்லவில்லை. நேபாளத்துக்குப் போன அந்த வருடத்தில் நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் பேருந்தில் மூன்று மணித்தியாலம். அதிகாலை மூன்றரைக்கு ஏறினால் ஆறரைக்கு யாழ் நிலையத்தில் இறங்கலாம். அங்கேயே 776 இலக்கப் பேருந்து நிற்கும். குறிகட்டுவான் வரை முப்பத்துமூன்று கிலோமீற்றர், நான் போன அன்று கட்டணம் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். பண்ணைப் பாலத்தில் வலப்பக்க யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். மண்கும்பான் தாண்டியதும் ஆட்கள் குறையத் தொடங்குவார்கள். புங்குடுதீவில் ஆளில்லாத, கதவு நிலையும் இல்லாத வீடுகளைக் கடக்கும்போது பேருந்தில் ஐந்து பேர்தான் இருந்தோம். போன வருடம் இந்த வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தோம், யன்னலுக்கு வெளியே பார்த்த நினைவே இல்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குத்தான் கூட்டம். நெடுந்தீவுப் படகு அடுத்த பக்கம். தனியார் படகில் இருநூறு ரூபாய், ஒரு மணி நேரம். உள்ளே கீழ்த்தட்டில் இருத்துவார்கள். வயிறு புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். பாதி வழிக்கு மேல் கடல் தூக்கிப் போடும். கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

தீவில் ஒரு ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசினேன், மூவாயிரம். ஓட்டுநர் என் வயதுக்காரர். கொப்பியைப் பார்த்ததும், "போன வருசமும் சேர்ச்சால ஆக்கள் வந்தவை" என்றார். "படம் எடுத்தவை, போனவை." அதில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். அதன் பிறகு அவர் அடுத்த பெயரைக் கேட்பதற்கு மட்டும்தான் பேசினார்.

இருபத்தாறு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். மூவர் தீவை விட்டுப் போய்விட்டார்கள். ஐந்து பேர் பொறுத்துப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் தாங்களே வாங்கிவிட்டார்கள். மற்றப் பதினாறு பேருக்கும் கண்ணாடி கொடுத்தேன். ஒரு அக்கா போட்டதும் உள்ளே போய்ச் சுளகில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கல் பொறுக்கிப் பார்த்தார். சிலர் மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்கள், கித்தார் வாசித்த உயரமான பெடியன் சுகமோ என்றும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சுகம் என்றேன்.

தங்கியது தேவாலயத்துப் பின்னால் உள்ள பங்கு மனையில். முன்கூட்டிச் சொன்னால் தருவார்கள், காணிக்கையாக விரும்பியதைக் கொடுக்கலாம். பொறுப்பாக இருந்த பெண் கதவுத் திறப்பைத் தந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசிப் படகு போன பிறகு தீவு எவ்வளவு அமைதியாகிவிடும் என்பது குழுவாகப் போனபோது தெரியவில்லை. பன்னிரண்டு கட்டில்களும் அப்படியே கிடந்தன. எதில் படுப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் பன்னிரண்டு பேரின் வட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. அரிசி பொறுக்கும் அக்காவின் படத்தை அவர் அனுமதியோடு எடுத்திருந்தேன், அதைப் போட்டேன். ஒருவர் இதயம் போட்டார். மற்றவர்கள் பார்த்தார்கள். காற்றுக்கு வடலிப் பனைகளின் ஓலைகள் உரசும் சத்தத்தை மழை என்று நினைத்து இரண்டு தடவை யன்னலைத் திறந்து பார்த்தேன்.

மறுநாள் அதே ஆட்டோவில் அந்தோனிப்பிள்ளை அண்ணை வீட்டுக்குப் போனோம். தீவின் மேற்கே, கரைக்குக் கிட்ட. அவர் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கண் வலையில் இல்லை, கைதான் தடவித் தடவிப் போனது. நான் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னதும் முகத்தைத் திருப்பினார்.

"கொப்பியில எழுதின பிள்ளையோ?"

குரலை வைத்தே அறிந்துவிட்டார். இடது கண் ஒன்றும் தெரியவில்லை என்றார். வலது கண்ணில் குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நேரே மட்டும் தெரிகிறதாம். புரட்டாதியில் ஒருநாள் கடலில் இடப்பக்கமாக வந்த படகு ஒன்று அவருக்குத் தெரியவில்லை. மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. கைத்தொலைபேசியும் அன்றைக்குத் தண்ணீரில் விழுந்துவிட்டது.

அவருடைய மனைவி ரீற்றா அக்கா தேநீர் கொண்டுவந்தார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை, அங்கே காசில்லாமல் பார்ப்பார்களே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என்னையே கேட்க வேண்டிய கேள்வி என்று விளங்கியது.

ரீற்றா அக்கா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "டொக்டரோட கதைச்சு ஒழுங்கு செய்து அறிவிக்கிறம், அதுவரைக்கும் இருங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இருந்தனாங்கள்."

இரண்டு தடவை அவர் கணவரைப் புறப்படச் சொல்லியிருக்கிறார். தாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் எங்கள் அறிவிப்பு வந்தால் அது தவறிவிடும் என்று அண்ணை மறுத்துவிட்டார். தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தேடினேன். நாளைக்கே போவோம் என்றேன்.

"நாளைக்கோ?" என்று அண்ணை கேட்டார். நம்பாதவர் கேட்கும் கேள்வி.

மறுநாள் காலை ஏழு மணிப் படகுக்கு நான் ஆறேகாலுக்கே துறையில் நின்றேன். அவர்கள் எனக்கு முன்னரே வந்திருந்தார்கள். அண்ணை கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு உடுத்திருந்தார். ஒன்பதே முக்காலுக்கு யாழ் பெரியாஸ்பத்திரிக் கண் பிரிவில் பதிந்தோம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

மருத்துவர் இளம் பெண். அழுத்தம் அளந்து, ஒளி அடித்து, நேரமெடுத்துப் பார்த்தார். இது இருப்பதாக எப்போது சொன்னார்கள் என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு முன் என்று நான் சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். இடது கண்ணின் நரம்பு செத்துவிட்டது, அது திரும்பாது, அப்போதே சொட்டு மருந்து தொடங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அண்ணைக்கே நேராகச் சொன்னார். வலது கண்ணைக் காப்பாற்றலாம். காலையும் இரவும் சொட்டு மருந்து, வாழ்நாள் முழுக்க. அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கடலுக்குப் போகலாமோ என்று. தனியே போக ஏலாது என்றார் மருத்துவர்.

திரும்பும் பேருந்தில் ரீற்றா அக்கா மருந்துப் போத்தலைக் கைக்குட்டையில் சுற்றி மார்போடு வைத்திருந்தார். குறிகட்டுவானில் மூன்றரைக்குக் கடைசிப் படகு. நான் பையோடு வந்திருந்ததால் அங்கிருந்தே ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. படகுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை, சொற்கள் ஒழுங்காக வரவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அண்ணை கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "பிழை உம்மட மட்டுமில்லை. என்ர கண்ணுக்கு நான்தானே போயிருக்க வேணும்."

பிறகு, "அடுத்த கிளினிக்குக்கு நீர் வரத் தேவையில்லை, தங்கச்சி. எங்களுக்கு இப்ப வழி தெரியும்" என்றார்.

இல்லை, நான் வருவேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அவர்களிடம் இனி என்னால் சொல்ல முடியாது. படகு போன பிறகு பேருந்து புறப்படும் வரை துறையில் தனியாக இருந்தேன். அவ்வளவு தனியாக நான் எந்தப் பயணத்திலும் இருந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மார்கழி, தையில் கடல் கரடுமுரடு, மாசிக்குப் பிறகு போங்கள். படகு நேரங்களை முதல் நாளே துறையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள், காற்று எழும்பினால் படகு ஓடாது. நெடுந்தீவில் குடிதண்ணீர் அரிது, உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள், கிணற்றடியில் கண்டபடி அள்ளிக் குளிக்காதீர்கள். மருத்துவக் குழுவாகப் போனால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கண்டவரை அந்த வாரத்திலேயே, நீங்கள் தீவை விட்டு வெளியேற முன், கூட்டிக்கொண்டு போங்கள். முடியாதென்றால் "நீங்களே நாளைக்குப் போங்கோ" என்று சொல்லுங்கள். "நாங்கள் அறிவிக்கிறோம்" என்று சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பவராகப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். மற்றவர் கொடுக்கும் வாக்கு உங்கள் வாயால் வரும்போது அதைக் கேட்கிறவர்களுக்கு உங்கள் முகம்தான் நினைவிருக்கும்.

அடுத்த கிளினிக் ஆறு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஒருவருக்கும் சொல்லாமல் விடுப்பு எடுத்து அதிகாலை மூன்றரைப் பேருந்தில் ஏறினேன். கண் பிரிவில் காத்திருப்போர் வாங்குகளில் அவர்களைத் தேட நேரமெடுக்கவில்லை, மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அண்ணையின் கையில் கிளினிக் கொப்பி இருந்தது. ரீற்றா அக்கா என்னைக் கண்டார். பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.