வீடு பார்க்கப் போன இடம்

வேனுக்குள் கட்டிலும் ஸ்டவ்வும் பொருத்திக்கொண்டு நானும் கணவரும் வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் பழைய கோட்டைகளும் வீடுகளும் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். இந்த வளைகுடா நாடு பிறந்தே நாலைந்து வருடம்தான். அதற்குள் பழசையெல்லாம் இடித்துத் தள்ளுகிறார்கள். ஷார்ஜா கடலோரத்தில் இன்று, கடற்காற்றை உள்ளே இறக்கும் காற்றுக் கோபுரம் வைத்த வீடு ஒன்று தனியாக நிற்கிறது. ஆளில்லை என்று நினைத்து, செருப்போடு உள்ளே போய்ப் படம் எடுக்கிறோம்.

தூணுக்குப் பின்னாலிருந்து வயதான அரபுப் பெண்மணி ஒருவர் எழுந்து வருகிறார். பம்பாயில் இருந்தவர் போல, இந்தியில் விளாசுகிறார்.

“இடிக்க வந்தவங்களே கதவைத் தட்டிட்டுத்தான் வந்தாங்க. போகமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். நீங்க யாரு?”

“சும்மா வீடு பார்க்க வந்தோம்மா.”

“அப்படியா?”

நேராக எங்கள் வேனுக்கு நடக்கிறார். படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறார். சாம்பாரைத் திறந்து மோந்து பார்க்கிறார். தலையணையைத் தட்டுகிறார். கொடியில் காயும் என் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு கடைசிவரை போகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இறங்கி, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்கிறார்:

“நல்ல பழைய வீடு. யாராவது குடியிருக்காங்களா?”