என் பெயரில் வந்த அவள் அபிப்பிராயங்கள்

எங்கள் வாசகர் சங்கத்து ஆண்டு மலரில் ஒருமுறை என் பெயர் போட்டு ஒரு கட்டுரை வந்தது. விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஒருவரைப் பற்றியது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் இங்கிலீஷ் படித்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பாராட்டினார்கள். அதில் இலக்கணம் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. கருத்து ஒன்றுகூட என்னுடையதல்ல. எல்லாம் என் மனைவி சொன்னது. இத்தனை வருஷம் கழித்து, அவள் போய்ச் சேர்ந்த பிறகு இதை எழுதுகிறேன் என்பதிலேயே என் லட்சணம் தெரிந்துவிடும். நாவலாசிரியரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் திருட்டில் அந்த மனுஷனை எதற்கு இழுப்பது?

நான் அப்போது ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். அந்த வருஷம் முழுவதும் அந்த ஒரே ஆசிரியர்தான். மாதம் ஒரு நாவல். ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் அபிப்பிராயம் சொல்லவேண்டும். சங்கத்துக் காரியதரிசி அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆபீஸிலேயே பெரிய கிராணி. அவர் வாயால் ஒரு 'குட்' வாங்கினால் அந்த வாரம் பூராவும் எனக்குச் சட்டைக் காலர் விறைப்பாக நிற்கும்.

ஆனால் நான் எங்கே 'குட்' வாங்கினேன்? எனக்குப் படிக்கத் தெரியும், அபிப்பிராயம் சொல்லத் தெரியாது. நடை கம்பீரம், வர்ணனை அபாரம், அதற்குமேல் வாயில் கொழுக்கட்டைதான். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். புத்தகத்தின் முன்னுரையிலிருந்து நாலு வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் எழுந்த தந்தி ஆபீஸ் கிராணி அதே நாலு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாவி, அவரும் அதே முன்னுரையைத்தான் உருப்போட்டிருக்கிறார்! எனக்கு வேறு சரக்கு இல்லை. எழுந்து நின்று நானும் அதையே ஒப்பித்தேன். அறை முழுக்கச் சிரிப்பு.

“தம்பி, முன்னுரையை நாங்களும் வாசிச்சனாங்கள்” என்றார் காரியதரிசி.

அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தவன் அடுத்த மாதத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் உட்கார்ந்தேன். என் மனைவி ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகப் படிப்பாள், இங்கிலீஷ் தெரியாது. சாயங்கால மழை விட்டிருந்தது. அவள் முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். “அந்தப் பொஸ்தகத்துல என்னதான் இருக்கு, சொல்லுங்களேன்” என்றாள். சத்தம்போட்டுச் சொன்னால் எனக்கும் மனசில் நிற்கும் என்று கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணை அவளுடைய அங்கிள் எடுத்து வளர்க்கிறார், என்றேன்.

“அங்கிள்னா? தாய்மாமனா, பெரியப்பாவா?”

“புத்தகத்துல அங்கிள்னுதான் போட்டிருக்கு.”

“அது என்னங்க அது, ஆளே தெரியாம ஒரு ஒறவு? தாய்மாமன்னா அவனுக்கு ஒரு கடமை இருக்கு. பெரியப்பன்னா சொத்துல ஒரு கண்ணு இருக்கும். யாருன்னே தெரியாம, அவன் அந்தப் பொண்ணை அடிக்கிறப்ப நான் எப்படி அழறது?”

எனக்கு அப்போது கதை நகர்ந்தால் போதும். “சரி, தாய்மாமன்னு வச்சுக்க” என்றேன். நாலு அத்தியாயம் தள்ளி, அந்தப் பெண் அங்கிளின் மகன் மேல் ஆசைப்படுகிறாள், வீடே எதிர்த்து நிற்கிறது என்று வந்தது. அவளுக்கு வந்ததே கோபம்!

“மாமன் மகனைக் கட்டிக்கறதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்? மொறைப்பையன்தானே? உரிமையில்ல அது!”

நான் அவசர அவசரமாக, “இல்லல்ல, தப்பாச் சொல்லிட்டேன், பெரியப்பாதான்” என்றேன்.

“ஐயையோ! அண்ணனையா கட்டிக்கப் போறா?” நெத்திலி முறத்தைத் தள்ளிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “அந்த ஆளுக்கு மொறை தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா கதை மூணு பக்கத்துல முடிஞ்சிருக்கும்.”

நானும் சிரித்தேன். அந்த மாதச் சனிக்கிழமை என் முறை வந்தபோது எழுந்து நின்று, “இந்த ஆசிரியருடைய மொழியில் அங்கிள் என்று ஒரே சொல்தான் இருக்கிறது, அந்தச் சொல் எவ்வளவு கடமையை மறைத்துவிடுகிறது பாருங்கள்” என்று தொடங்கினேன். ஐந்து நிமிஷம் போனதே தெரியவில்லை. அறையில் ஒருவர் அசையவில்லை. காரியதரிசி நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “வெரி குட்” என்றார். 'வெரி' போட்டு!

அதிலிருந்து ருசி கண்ட பூனைதான் நான். தினமும் சாயங்காலம் கதை சொல்வேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டோ மாவு சலித்துக்கொண்டோ ஏதாவது சொல்வாள். நான் தூணில் சாய்ந்து சும்மா கேட்பதுபோல் கேட்டுவிட்டு, உள்ளே போய்ச் சீட்டில் குறித்துக்கொள்வேன். ஏழையாக இருந்த நல்லவனுக்குக் கடைசியில் யாரோ சொத்தெழுதி வைத்த இடத்தில் அவள் சொன்னாள்: “பாத்தீங்களா, நல்லவனையெல்லாம் பணக்காரனாக்கிட்டுத்தான் கதையை முடிக்கிறாரு. ஏழையா இருந்துக்கிட்டே நல்லா இருப்பான்னு அவருக்கே நம்பிக்கை இல்ல போல.” இன்னொரு நாவலில் கதாநாயகனின் மனைவி இறந்துபோகிறாள். நான் தொண்டை கம்மச் சொன்னேன். அவள் அழவில்லை. “செத்ததுக்கு இருபது பக்கம் அழறாரே, உசிரோட இருந்தப்ப அவளுக்கு நாலு வரி பேச்சுக் குடுத்தாரா?” என்றாள்.

எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றிச் சங்கத்தில் சொன்னேன். அவள் பெயரை ஒருநாளாவது சொல்லவேண்டும் என்று தோன்றியதா? தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 'இங்கிலீஷ் தெரியாத பெண்பிள்ளை சொன்னதை வந்து ஒப்பிக்கிறான்' என்பார்களே என்று பயம். இங்கிலீஷில் நடப்பது அவள் காதுக்கு எங்கே போகப்போகிறது என்ற தைரியமும் இருந்தது.

வருஷக் கடைசியில் அதெல்லாம் சேர்ந்து கட்டுரையாக மலரில் அச்சேறியது. என் பெயர் இருந்த பக்கத்தை அவளிடம் பிரித்துக் காட்டினேன். “எது உங்க பேரு?” என்று கேட்டு, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, மலரைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் காலையில் நான் திருநீறு எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரியதரிசியை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். காலையிலேயே பாசாருக்குப் போய் நல்ல மீனாக வாங்கிவந்தேன். அவள் இலை போட்டுப் பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, வெகு பிரியமாக, தமிழில் சொன்னார்.

“தங்கச்சி, உங்கட மனுசன் லேசுப்பட்ட ஆளில்லை. என்ன எழுதியிருக்கிறார் தெரியுமே? ஒரு பொம்பிளை செத்தால் அந்தக் கதைக்காரன் இருபது பக்கம் அழுவானாம். உயிரோட இருக்கேக்கை அவளுக்கு நாலு வரி பேச்சுக் குடுக்கமாட்டானாம்! எப்பிடி?”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் உட்கார்ந்திருந்தேன். கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அவருக்கு அதெல்லாம் தெரியுமா? மேலும் கேட்டார்.

“உங்களுக்கும் இவர் கதை சொல்லுறவராமே. நீங்கள் என்ன நினைக்கிறியள் அந்தாளின்ர கதையளைப் பற்றி?”

அவள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள், எனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். புதிதாக ஏதாவது சொல்லியிருப்பாள், அவரும் அசந்துபோயிருப்பார். ஆனால் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. நான் முந்திக்கொண்டேன்.

“அவளுக்கு இதெல்லாம் என்னங்கய்யா தெரியும்? கதைன்னு ஆரம்பிச்சாலே தூங்கிடுவா!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, “ஆமாங்க” என்றாள். பிறகு அவரிடம், “ரசம் ஊத்தட்டுங்களா?” என்று கேட்டாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மலர் சாமிப் படத்தடியிலிருந்து என் மேஜைக்கு வந்திருந்தது. சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் புதுப் புத்தகத்தை எடுத்துக் கதை சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லா இருக்கு.”

அதற்குப் பிறகு எந்தக் கதை சொன்னாலும் 'நல்லா இருக்கு'தான். கொலை நடந்தாலும் நல்லா இருக்கு, குழந்தை செத்தாலும் நல்லா இருக்கு. ஒருநாள் எரிச்சலில், “அப்படி என்னதான் நல்லா இருக்கு, சொல்லேன்!” என்று கத்தினேன். “எனக்கு என்னங்க தெரியும்” என்றாள், கோபமில்லாமல். சங்கத்தில் நான் மறுபடி நடை கம்பீரத்துக்கே வந்து சேர்ந்தேன். புகழ் வந்தும் தம்பிக்கு அடக்கம் போகவில்லை என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது. எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

காரியதரிசியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை அவர் மேஜைவரை போயிருக்கிறேன்! ஒருநாள் அவர் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒருநாள் அவருக்குத் தலைவலி. ஒருநாள் ஒன்றுமே இல்லை, எனக்குத்தான் கால் திரும்பிவிட்டது. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்து, யாழ்ப்பாணத்துக்கே திரும்புவதாகச் சொன்னார்கள்.

வழியனுப்பக் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் போனோம். கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார். நான் கூப்பிடாமலே என் மனைவியும் கிளம்பினாள். முதல் நாளே முறுக்குச் சுட்டு ஒரு டின்னில் அடைத்து வைத்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

மாலையும் கழுத்துமாக ஜன்னலருகே உட்கார்ந்திருந்த அவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உம்மட கட்டுரையை என்ர பெட்டிக்குள்ள வச்சிருக்கிறன். ஊரில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவன்” என்றார்.

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவர் போகிறவர், இனி என்னைப் பார்க்கப் போவதில்லை. ஒரே வரி: 'ஐயா, அது இவள் சொன்னது.' நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர். கார்டு விசில் ஊதினார். வண்டி அசைந்தது.

“போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுங்கய்யா!” என்றேன்.

ரயில் போனபின் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தே திரும்பினோம். தண்டவாளத்தை ஒட்டிய பாதை.  பாதி தூரம் போனதும், நிற்காமல், என் பக்கம் திரும்பாமல் அவள் சொன்னாள்.

“இன்னிக்குச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேங்க. அதுக்குத்தான் நானும் வந்தேன்.”

 ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம், கையையாவது பிடித்திருக்கலாம், பாதையில் ஆள் நடமாட்டம்கூட இல்லை. அப்போதும் இந்தப் பாழும் வாயில் வந்தது, “மழை வரும் போல இருக்கு, சீக்கிரம் நட” என்பதுதான்.