வீடு ஒரு தொகுதி, கடை ஒரு தொகுதி

2001-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் வழக்கமாக நடப்பதுதான். நான் அப்போது சன்னிவேலில் ஓர் இந்திய வாரப் பத்திரிகையின் நிருபர். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் பொதுமக்கள் கருத்துக் கேட்பதாக அறிவித்திருந்தார்கள். எல் கமினோ சாலையில் மளிகைக்கடை வைத்திருந்த அங்கிளும் ஆன்ட்டியும் என் காரிலேயே வந்தார்கள்.

அங்கிளின் தம்பிக்கு விசா வராமல் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தேங்கிக் கிடந்தது. எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி அதை விடாமல் விசாரித்துவந்தார். அடுத்த தொகுதிக்காரர்களுக்கு அந்த அலுவலகம் உதவாது. வரைவில் புதிய கோடு அங்கிளின் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே போயிற்று; வீடு அடுத்த தொகுதிக்குப் போய்விடும். வீடு இருக்கும் தெருவைப் பிரிக்காதீர்கள் என்று அவர் கேட்க வேண்டும்.

"ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க அங்கிள். நேரா மேட்டருக்கு வந்துடுங்க."

"நான் பேசாத மேடையாப்பா?"

பல வருடம் தமிழ்ச் சங்கச் செயலாளராக இருந்தவர். மைக் முன் நின்று, பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து, குழுத் தலைவரில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பினரையும் மரியாதையாக விளித்தார். வாய்ப்புக்கு நன்றி சொன்னார். இந்த நாட்டுக்கு நன்றி சொன்னார். "ஒரு சிறு வேண்டுகோள்" என்றபோது இரண்டு நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவர் நன்றி கூறி அடுத்தவரை அழைத்தார்.

காரில் ஆன்ட்டி கேட்டார்: "பொங்கல் விழாவா அது, ஒவ்வொருத்தரா வரவேற்கறதுக்கு? சால்வை ஒண்ணுதான் கொண்டு போகல."

"பெரிய மனுஷங்க உக்காந்திருக்காங்க. எடுத்த எடுப்புல கேக்க முடியுமா?"

ஃப்ரீவேயில் நெரிசல் இல்லை.

எல்லை வரைவில் இருந்தபடியே நிறைவேறியது. அவர் கேட்டிருந்தாலும் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. என் செய்தியில் 'வேறு சிலரும் பேசினர்' என்ற வரியில் அவர் இருந்தார்.

சில வாரங்கள் கழித்துக் கடைக்குப் போனேன். அடுத்த வருடத் தேர்தல் முடிந்து புதிய தொகுதிக்கு உறுப்பினர் வந்ததும் அவர் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்கும்படி அந்தப் பெண்மணி சொல்லிவிட்டாராம்.

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா அங்கிள்?"

"என்னன்னு சொல்றது? கோடு போட்டுட்டாங்கடான்னா? ப்ராசஸ் ஆகுதுன்னு சொன்னேன்."

பிறகு, துவரம்பருப்பு பெரிய பையா, சின்னதா என்று கேட்டார். சின்னது என்றேன்.